பழைய தொட்டியில் ஒரு சிறு கடல்



ஆவுடையார்கோவிலுக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் எனக் கடற்கரை ஊர்கள் அமைந்துள்ளன. அங்கே பிடித்த மீன் அன்றே எங்கள் கடைத்தெருவுக்கு வந்துவிடுகிறது. ஆயினும், கடல்வாழ் உயிர்கள் நீந்துவதையும் இரை தேடுவதையும் கண்டவர்கள் எங்களுள் சிலரே. கூடையில் கிடக்கும் மீனைக் கொண்டு கடலை அறிய முயல்வது, சருகைக் கொண்டு காட்டை அறிய முயல்வது போன்றதாகும்.

இக்குறையை ஓரளவு போக்கவல்லது உப்புநீர் மீன்தொட்டி. புதிய தொட்டிக்குச் செலவு மிகுதி. ஆனால் ஊர் மாறிச் செல்வோரும் ஆர்வம் தணிந்தோரும் தம் தொட்டியைக் குறைந்த விலைக்கு விற்பதுண்டு. திருச்சியிலிருந்து மாற்றலாகிச் சென்ற என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து அத்தகைய தொட்டி ஒன்றை வாங்கி, நான் ஓய்வு பெற்றபின் என் வீட்டில் அமைத்தேன். தெருப்பிள்ளைகள் மாலைதோறும் வந்து பார்த்துக் கேட்கும் வினாக்களே இப்பேச்சுக்கு வித்து.

இக்கலையின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். 1832-ஆம் ஆண்டில் சிசிலித் தீவில் வாழ்ந்த ழான் வில்ப்ரூ-பவர் என்னும் பிரெஞ்சு அம்மையார், கடலுயிர்களை ஆராயக் கண்ணாடித் தொட்டிகளைப் பயன்படுத்தினார். 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பெற்றது. 1909-இல் சென்னை மெரீனாக் கடற்கரையிலும் ஒரு மீன்காட்சியகம் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது மூடப்பட்டது. அன்று அரசும் அறிஞரும் அரிதின் முயன்று செய்ததை இன்று ஒரு பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்ய இயலும். அதற்கு வேண்டுவன சிறிது பொருளும் மிகுந்த பொறுமையுமே.

பழைய தொட்டியை வாங்குமுன் எவற்றை நோக்க வேண்டும்? முதலாவது, மூலைகளில் உள்ள சிலிக்கான் பசை. நகத்தால் நெருடினால் அது பிரிந்து வருமாயின் அத்தொட்டி வேண்டா. உறுதியாகத் தோன்றினாலும், சமதளமான இடத்தில் வைத்து நல்ல நீர் நிரப்பி, அடியில் செய்தித்தாளை விரித்து மூன்று நாள் விட்டுவையுங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் தாள் காட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டாவது, தாங்குமேசை. என் தொட்டி 90 சென்டிமீட்டர் நீளமும், 45 சென்டிமீட்டர் அகலமும், அதே அளவு உயரமும் உடையது. இம்மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 182 லிட்டர் வரும். மணலும் கல்லும் இட்டு, மேலே சிறிது இடம் விட்டால் கொள்ளும் நீர் 150 லிட்டர். கண்ணாடி, கல் ஆகியவற்றோடு சேர்ந்த எடை 200 கிலோகிராமுக்கு மேலாகும். மூன்று ஆடவர் இடைவிடாமல் ஏறி நிற்பதற்கு ஒப்பான இச்சுமையைச் சாதாரணப் படிப்பு மேசை தாங்காது.

மூன்றாவது, விற்பவரிடம் தவறாது கேட்க வேண்டிய வினா ஒன்று: மீன்களின் நோய்க்கு மயில்துத்தம் இடப்பட்டதா? அதிலுள்ள செம்பு பசையிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு பின்னர் நீரில் கரையக்கூடும். மீன் பொறுத்துக்கொள்ளும் அளவே நத்தைக்கும் இறாலுக்கும் நஞ்சாகிவிடும். கண்ணாடியில் படிந்த சுண்ணப் படிவத்தை நீக்கச் சோப்பு கூடாது. புளிக்காடியால் துடைத்து நல்ல நீரில் பலமுறை கழுவினால் போதும்.

இனி, முதன்மையான செய்திக்கு வருகிறேன். சிலர் தொட்டியோடு பவளத்தையும் சேர்த்துத் தர முன்வருவர். அன்பினால் தந்தாலும் அதனை ஏற்காதீர்கள். பவளப்பாறையை உருவாக்கும் பவள இனங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. உயிருள்ளதாயினும் உலர்ந்ததாயினும் அவற்றை எடுப்பதும், விற்பதும், வைத்திருப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். கடற்குதிரைக்கும் கடல் அட்டைக்கும் இத்தகைய காப்பு உண்டு. மேனாட்டு நூல்களில் காணும் பவளத் தொட்டியை அப்படியே இங்கு அமைக்க முயல்வோர் இதனை முதலில் உணர்தல் வேண்டும்.

ஒரு கல்லுக்கு இத்தனை காப்பு எதற்கு என்று கேட்கலாம். பவளம் கல்லன்று. எங்கள் ஊர்க் கோயிலின் கொடுங்கைகளைக் கண்டிருப்பீர்கள். மரச்சட்டங்களும் ஆணிகளும் போலத் தோன்றும் அவை யாவும் கல்லே. சிற்பி கல்லை மரமாகத் தோன்றச் செய்தான்; கடலோ உயிரைக் கல்லாகத் தோன்றச் செய்கிறது. பவளப் பூச்சிகள் எனப்படும் சின்னஞ்சிறு விலங்குகள் கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணத்தைப் பிரித்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. பல இனங்களில் அவ்வீடு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்கிறது. உங்கள் கையளவுள்ள ஒரு பவளக் கட்டி உங்களைவிட வயதில் மூத்ததாக இருக்கலாம்.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளைச் சூழ்ந்து பவளத்திட்டுகள் பரவியுள்ளன. இப்பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளம் பெருமளவில் வெட்டப்பட்டது. அலையைத் தடுத்த அரண் தேய்ந்தது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீருள் மூழ்கின. அம்மூழ்கலுக்குப் பவளம் வெட்டியதும் ஒரு காரணமெனக் கருதப்படுகிறது.

ஆகவே நம் தொட்டி பவளமில்லாப் பாறைத்தொட்டியாகவே இருக்கட்டும். நுண்துளைகள் நிறைந்த சுடுமண் பாறைகள் கடைகளில் கிடைக்கின்றன. சிமெண்டில் நாமே வார்த்துக்கொள்வதாயின், அதன் காரம் நீங்கும்வரை பல வாரங்கள் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும்.

அடுத்தது உப்புநீர். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் உள்ளன. 150 லிட்டருக்கு 5 கிலோகிராமுக்குச் சற்று மேல் தேவைப்படும். சமையலுப்பு இதற்கு உதவாது. உப்பளத்தில் நிகழ்வதை எண்ணிப் பாருங்கள். கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ண உப்புகள் படிகின்றன. அதன்பின் நாம் உண்ணும் உப்பு படிகிறது. மக்னீசிய உப்புகளோ எஞ்சிய கசப்புநீரில் தங்கி வெளியேறுகின்றன. எனவே பாத்தியில் வாரிய உப்பை மீண்டும் நீரில் கரைத்தால் அது உப்புநீராகுமே அன்றிக் கடல்நீர் ஆகாது. எல்லா உப்புகளும் உரிய அளவில் கலந்த கடலுப்புக் கலவையை வாங்கி, ஆர்.ஓ. நீரில் கரைத்து, அடர்த்திமானியால் அளந்து, ஒப்படர்த்தி 1.025 அளவில் நிறுத்துங்கள். எங்கள் பகுதிக் கடலோரம் ஆழமற்றது, சேறு மிக்கது. இறால் பண்ணைகளின் கழிவும், மழைக்காலத்தில் ஆற்று வெள்ளமும் வந்து கலக்கின்றன. ஆதலால் கரையோரத்து நீரைக் குடத்தில் மொண்டுவந்து ஊற்றுதல் நன்றன்று.

நீரும் கல்லும் ஆயத்தம். உடனே மீனை விடலாமா? கூடாது. பெரும்பாலோரின் தொட்டிகள் மீன்களின் இடுகாடாக மாறுவது இந்த இடத்திலேதான். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது கொடிய நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியா அதனை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இதன் தீங்கு மிகக் குறைவு. உங்கள் ஊர் வயலில் இட்ட எருவைப் பயிர் உண்ணத்தக்க உரமாக மாற்றுவதும் இதே வினைதான். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் இந்நுண்ணுயிர்களைப் பிரித்தறிந்தார். புதிய தொட்டியில் இவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

இங்கேதான் பழைய தொட்டியின் தனிச்சிறப்பு வெளிப்படுகிறது. அதில் மிகுந்த மதிப்புடைய பொருள் கண்ணாடியன்று. வடிகட்டியிலுள்ள அழுக்கேறிய பஞ்சு! அப்பஞ்சில் இந்நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அதனைக் குழாய்நீரில் அலசினாலும் வெயிலில் உலர்த்தினாலும் அவை மாண்டுபோகும். பழைய தொட்டியின் நீரிலேயே மூழ்கவைத்து, வாளியில் கொணர்ந்து, அன்றே புதிய நீரில் இட வேண்டும். பழைய மணலை மட்டும் கொணர வேண்டா. அதனடியில் ஆண்டுக்கணக்கில் தேங்கிய கழிவு, கிளறப்பட்டதும் நஞ்சை வெளிவிடும்.

பஞ்சிலுள்ள உயிர்களுக்கு உணவு வேண்டுமன்றோ? மீனில்லாத தொட்டியில் அம்மோனியாவை நாமே அளித்தல் வேண்டும். ஆய்வுக்கூடத்துத் தூய நவச்சாரம் 1 கிராம் இட்டால், 150 லிட்டர் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். நாள்தோறும் சோதனைத் திரவங்களால் அளந்து குறித்து வாருங்கள். முதலில் அம்மோனியா குறையும், நைட்ரைட்டு ஏறும். பின்னர் அதுவும் இறங்கும். இட்ட நவச்சாரம் ஒரே நாளில் முற்றும் மறைந்து, அம்மோனியா, நைட்ரைட்டு இரண்டும் சுழியத்தைக் காட்டும் நாளே தொட்டி உயிர்களை ஏற்கும் நாள். நான் அமைத்த தொட்டி 19-ஆம் நாளில் அந்நிலையை எய்தியது. ஆயினும் பழைய தொட்டியிலிருந்து வந்த நோய்க்கிருமிகள் மீனின்றி மடிவதற்காக அதனை மேலும் இரு மாதங்கள் வெறுமையாகவே வைத்திருந்தேன். நத்தைகளும் பச்சைக் கடற்பாசியும் மட்டுமே அதில் இருந்தன. “மீன் எங்கே தாத்தா?” என்று பிள்ளைகள் நாள்தோறும் கேட்டனர். “மீனுக்கு வீடு கட்டுகின்றவர்கள் உள்ளே இருக்கிறார்கள், அவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்” என்றேன்.

மீனைத் தேர்வதிலும் அறம் உண்டு. கடலில் பிடிக்கப்பட்ட மீனைவிடப் பண்ணையில் பிறந்த மீனே நமக்கு ஏற்றது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம், விழிஞ்ஞம் நிலையங்களில் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறைகளைக் கண்டுள்ளனர். இம்மீன்கள் யாவும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பின்னர்ப் பெண்ணாக மாறுகிறது. ஆதலால் இரு இளங்குஞ்சுகளை விட்டால் காலப்போக்கில் அவை இணையாகிவிடும். தொடக்கத்தில் இவ்விரண்டே போதும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக உப்புநீரை ஊற்றாதீர்கள். ஆவியாவது நீரே, உப்பு தங்கிவிடுகிறது. நல்ல நீரே அதற்கு ஈடு.

நம் நாட்டில் தொட்டிக்குப் பெரும் பகை கோடை. நீரின் வெப்பம் 25 முதல் 27 பாகைக்குள் இருத்தல் நன்று. வெப்பம் ஏறினால் நீரில் கரைந்துள்ள உயிர்வளி குறையும். மீனின் மூச்சோ விரைவாகும். நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறு விசிறியைச் சுழலவிட்டால், மண்பானை குளிரும் அதே முறையில் தொட்டியும் ஓரிரு பாகை குளிரும். மின்சாரம் நின்றால் நீரோட்டமும் நிற்கும். ஆதலால் மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்று எப்போதும் அருகில் இருக்கட்டும்.

தொட்டியின் வெப்பமானியை நோக்கும்போது கடலையும் சற்றே எண்ணிப் பாருங்கள். பவளத்தின் உடலுள் நுண்பாசிகள் வாழ்ந்து, ஒளியைக் கொண்டு அதற்கு உணவு சமைத்துத் தருகின்றன. வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒரு பாகை மிகுந்து சில வாரங்கள் நீடித்தாலே பவளம் அப்பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் பட்டினி கிடக்கிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வெளுப்பு பெருமளவில் நிகழ்ந்தது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டு வளர்த்துச் சிதைந்த திட்டுகளைச் சீர்செய்து வருகின்றனர். கடலுக்கு மின்விசிறி வைக்க ஒருவராலும் இயலாது.

150 லிட்டர் நீரைச் செம்மையாக வைத்திருக்க எத்துணை அளவைகள், எத்துணை விழிப்பு, எத்துணை நாட்கள் வேண்டியிருக்கின்றன! இதனைச் செய்து பார்த்த மாணவன் கடலை ஒருபோதும் குப்பைத்தொட்டி எனக் கருதமாட்டான். உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ பயனின்றிக் கிடக்கும் மீன்தொட்டி இருக்குமாயின், ஆசிரியரின் இசைவு பெற்று அதனை எடுத்துத் துடையுங்கள். அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து நீரை நிரப்புங்கள். குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் அன்றைய தேதியை எழுதிக்கொள்ளுங்கள்.