இம்மட்டும் உதவினவர்



பிழைப்புக்காகப் பட்டணங்களில் வந்து குடியேறிய நம் ஜனங்களின் வீட்டு வாசல்களில் "எபெனேசர்" என்னும் பெயரை அடிக்கடி காண்கிறோம். "உதவியின் கல்" என்பது அதன் பொருள். அந்தப் பெயர் வேதத்தில் முதன்முதலில் வருவது ஒரு தோல்வியின் சரித்திரத்தில் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

1 சாமுவேல் 4-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் எபெனேசருக்கு அருகே பாளயமிறங்கினார்கள். முதல் யுத்தத்தில் ஏறக்குறைய 4,000 பேர் மடிந்தார்கள். உடனே சீலோவிலிருந்து உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். யோர்தான் பிரிந்தபோதும் எரிகோ விழுந்தபோதும் முன்சென்ற பெட்டி அல்லவா அது! பழைய விடுதலையின் அடையாளம் அவர்களிடம் இருந்தது. விடுவித்தவரிடமோ அவர்கள் திரும்பவில்லை. 30,000 காலாட்கள் விழுந்தார்கள், பெட்டியும் பிடிபட்டது.

இருபது வருஷங்களுக்கு மேல் கடந்தன. 7-ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் அந்நிய தேவர்களை விலக்கி, மிஸ்பாவிலே உபவாசித்துப் பாவத்தை அறிக்கையிட்டார்கள். அப்பொழுதே பெலிஸ்தர் எதிர்த்து வந்தார்கள். இஸ்ரவேலர் பயந்தார்கள், ஆனால் இம்முறை பெட்டியைத் தேடவில்லை. தங்களுக்காக ஓயாமல் கர்த்தரை நோக்கி வேண்டிக்கொள்ளும்படி சாமுவேலைக் கெஞ்சினார்கள். கர்த்தர் இடிமுழக்கத்தினால் சத்துருவைக் கலங்கடித்தார். சாமுவேல் ஒரு கல்லை நாட்டி, அதே எபெனேசர் என்னும் பெயரை அதற்கு இட்டார். தோல்வியை நினைப்பூட்டிய பெயர் உதவிக்குச் சாட்சியாயிற்று.

அப்போது அவர் சொன்ன "இம்மட்டும்" என்ற வார்த்தையைச் சிந்தியுங்கள். யுத்தங்கள் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. 13-ஆம் அதிகாரத்தில் பெலிஸ்தர் மறுபடியும் கூடிவந்தார்கள். பயணத்தின் நடுவழியில் நாட்டப்பட்ட கல் அது.

பிரியமானவர்களே, வேலை பறிபோன கலக்கத்திலோ, வாடகை கொடுக்க வழியில்லாத தவிப்பிலோ, மருத்துவரின் அறிக்கையைக் கையில் ஏந்திய பயத்திலோ இதை வாசிக்கிறீர்களா? அன்று நடந்தவிதமாகவே இன்றும் நடக்கும் என்று நான் சொல்லத் துணியேன். அன்று உதவினவர் மாறாதவர் என்று நிச்சயமாய்ச் சொல்லுவேன்.

இன்றிரவு குடும்ப ஜெபத்தில், இப்பட்டணத்திலே பிறந்த உங்கள் பிள்ளைகளுக்கு, ஒரு பெட்டியுடன் ரயிலிலிருந்து இறங்கிய நாளையும், தங்க இடம் கிடைத்த விதத்தையும், கைவிடப்படாத இரவுகளையும் சொல்லுங்கள். சொல்லி முடித்தவுடன், மனந்திரும்பின இருதயத்தோடு, இன்றைய தேவையை அவர் சமுகத்தில் வையுங்கள். வாசலில் எழுதிய பெயர் அப்பொழுது வீட்டுக்குள்ளும் மெய்யாகும்.

கர்த்தர் உங்களைத் தாங்குவாராக. ஆமென்.