முதல் 30 விநாடியில் என்ன நடக்கிறது?

மாணவர்களே, பள்ளி அறிவியல் திட்டத்துக்காக 4 நிமிடக் காணொளி ஒன்றைத் தயாரித்து யூடியூப்பில் பதிவேற்றிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் பார்வை எண்ணிக்கை 100-ஐத் தொட்டுவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த 100 பேரில் எத்தனை பேர் உங்கள் சோதனையின் முடிவு வரை இருந்தார்கள்? பார்வை எண்ணிக்கை அதைச் சொல்லாது.

அதைச் சொல்வதற்கு வேறொரு வரைபடம் இருக்கிறது. அலைவரிசை வைத்திருப்பவருக்கு யூடியூப் ஸ்டூடியோ அதைக் காட்டும். கிடையச்சில் காணொளியின் நேரம். செங்குத்தச்சில் அந்த நேரத்திலும் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் விழுக்காடு. காணொளி எதைப் பற்றியதாக இருந்தாலும் இந்த வரைகோட்டின் உருவம் பெரும்பாலும் ஒன்றுதான்: தொடக்கத்தில் மலைச்சரிவு போல் சட்டென்று இறங்கும், பிறகு மெதுவாகச் சாயும். 30-ஆவது விநாடியில் எத்தனை விழுக்காட்டினர் மிஞ்சினார்கள் என்பதை யூடியூப் தனியாகவே குறித்துக் காட்டுகிறது. அவ்வளவு முக்கியம் அந்த அரை நிமிடம்.

ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்குப் போடுவோம். இயற்பியலில் திசைவேக-நேர வரைபடத்தின் கீழுள்ள பரப்பளவு இடப்பெயர்ச்சியைத் தரும் என்று படித்திருப்பீர்கள். இங்கே வரைகோட்டின் கீழுள்ள பரப்பளவு, மக்கள் உங்கள் காணொளியைப் பார்த்த மொத்த நேரத்தைத் தரும்.

காணொளி 'அ'வை 100 பேர் தொடங்குகிறார்கள். முதல் 20 விநாடியில் சீராகக் குறைந்து 40 பேர் ஆகிவிடுகிறார்கள். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, அந்த 40 பேரும் கடைசி வரை இருந்ததாகக் கொள்வோம். முதல் 20 விநாடியின் பரப்பளவு ஒரு சரிவகம்: 1,400. மீதி 220 விநாடிக்கு 40 பேர்: 8,800. மொத்தம் 10,200 விநாடி, அதாவது 170 நிமிடம்.

காணொளி 'ஆ' எல்லா வகையிலும் அதே போன்றது. ஆனால் முதல் 20 விநாடியில் 70 பேரைத் தக்கவைத்துக்கொள்கிறது. 1,700-உடன் 15,400-ஐக் கூட்டினால் 17,100 விநாடி, அதாவது 285 நிமிடம். தொடக்கப் பகுதியில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் 300 விநாடி, 5 நிமிடம்தான். மொத்தத்தில் அது 115 நிமிடமாகப் பெருகிவிட்டது. முதல் 20 விநாடியில் போனவர் அடுத்த 220 விநாடியையும் தம்மோடு எடுத்துக்கொண்டு போகிறார்.

2012-ஆம் ஆண்டில் யூடியூப், காணொளிகளைப் பரிந்துரைக்கும் முறையை மாற்றியது. அதுவரை எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதே பெரிதாகப் பார்க்கப்பட்டது. அதன் பின் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முதன்மை கிடைத்தது. ஆகவே அந்த 115 நிமிடம் உங்கள் காணொளி புதியவர்களின் திரைக்குப் போய்ச் சேருமா என்பதையும் பாதிக்கிறது.

தங்கமீன் கதை

"இக்காலத்து மாணவர்களின் கவனம் 8 விநாடிதான், தங்கமீனை விடக் குறைவு" என்று யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கனடாவின் மைக்ரோசாஃப்ட் 2015-இல் வெளியிட்ட ஓர் அறிக்கைக்குப் பிறகு இது உலகம் முழுவதும் பரவியது. பின்னர் பிபிசி செய்தியாளர் ஒருவர் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனார். அதற்கு அடிப்படையான ஆய்வு எதையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. தங்கமீனுக்கும் இது அநியாயம். மீன்களுக்கு நினைவாற்றல் உண்டு என்பது ஆய்வுக்கூடங்களில் பலமுறை காட்டப்பட்டுள்ளது.

பூப்பந்து இறுதியாட்டம் மூன்றாவது செட்டுக்குப் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கண் இமைக்காமல் பார்க்கிறீர்கள். உங்கள் கவனத்துக்கு ஒரு குறையும் இல்லை. மாறியிருப்பது வேறு: விலகிச் செல்வது எளிதாகிவிட்டது. திரையரங்கில் எழுந்து போக நுழைவுச்சீட்டுப் பணத்தையும் பக்கத்து இருக்கைக்காரரின் முழங்காலையும் தாண்ட வேண்டும். திறன்பேசியில் கட்டைவிரலை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் போதும்.

காத்திருக்கும் பொறுமை எவ்வளவு என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். சண்முக கிருஷ்ணன், ரமேஷ் சீதாராமன் என்ற இரு கணினி ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு அது. 23 மில்லியன் காணொளிப் பார்வைகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். சொடுக்கிய பின் காணொளி ஓடத் தொடங்க 2 விநாடிக்கு மேல் ஆனால் மக்கள் விலகத் தொடங்குகிறார்கள். அதன் பின் கூடும் ஒவ்வொரு விநாடிக்கும் விலகுவோர் ஏறக்குறைய 5.8 விழுக்காடு கூடுகிறார்கள். அந்த ஆய்வு இணைய வேகத்தைப் பற்றியது. ஆனால் பார்வையாளரின் பக்கத்திலிருந்து யோசியுங்கள். வட்டம் சுற்றுவதைப் பார்த்துக் காத்திருப்பதற்கும், உங்கள் குழுவின் சின்னம் 12 விநாடி தீப்பொறி பறக்கச் சுழல்வதைப் பார்த்துக் காத்திருப்பதற்கும் என்ன பெரிய வேறுபாடு? இரண்டிலும் கேட்டு வந்தது கிடைக்கவில்லை.

வெடிச்சத்தம் ஏன் உதவாது?

தொடக்கத்தில் ஒரு பெரிய சத்தம், பளிச்சென்று ஓர் ஒளி வைத்தால் கவனம் வருமே என்று சிலர் கேட்பார்கள். வரும். அதற்கு உடலில் ஒரு பழைய ஏற்பாடே இருக்கிறது. புதிய ஒலியோ அசைவோ நேர்ந்தால் தலையும் கண்ணும் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பும். ரஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லவ் இதை "என்ன அது?" என்னும் அனிச்சைச் செயல் என்றே குறிப்பிட்டார். காட்டில் புதர் அசைந்தால் திரும்பிப் பார்த்தவை பிழைத்தன.

ஆனால் இதே ஏற்பாட்டுக்கு மறுபக்கமும் உண்டு. அதே தூண்டல் திரும்பத் திரும்ப வந்து, அதனால் நன்மையும் இல்லை, ஆபத்தும் இல்லை என்றால் மூளை அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். வகுப்பறையின் மின்விசிறிச் சத்தத்தை நீங்கள் இப்போது கேட்பதே இல்லை, அல்லவா? அதற்குப் பெயர் பழகிப்போதல். ஒரு நாளில் எத்தனையோ காணொளிகளின் வெடிச்சத்தத்தைக் கேட்டுப் பழகியவருக்கு உங்களுடையதும் மின்விசிறிதான். சத்தம் தலையைத் திருப்பும். திரும்பிய தலையை அங்கேயே நிறுத்தி வைக்க வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்று, தெரிந்துகொள்ளும் ஆவல். அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் இடையே ஓர் இடைவெளி இருப்பதை உணரும்போதுதான் ஆவல் பிறக்கிறது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒன்றுமே தெரியாத இடத்தில் ஆவல் வராது. குறுக்கெழுத்துப் புதிரில் எல்லாக் கட்டங்களும் காலியாக இருந்தால் மூடி வைத்துவிடுவோம். ஓர் எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தால் விட மனம் வராது. ஆகவே தொடக்கத்தில் எல்லாவற்றையும் மறைத்துவைத்து "ஒரு மாபெரும் ரகசியம்!" என்று கத்துவதால் பயனில்லை. கொஞ்சம் கொடுத்துவிட்டு, இல்லாததைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

ஒரு காணொளியை எடுத்துக்கொள்வோம். தலைப்பு: தே தாரேக்கில் நுரை எப்படி வருகிறது? வழக்கமான தொடக்கம் இப்படி இருக்கும்:

"வணக்கம் நண்பர்களே. நாங்கள் படிவம் 4 மாணவர்கள். இன்று நாங்கள் உங்களுக்குத் தே தாரேக் பற்றிச் சொல்லப் போகிறோம். தே தாரேக் மலேசியாவின் புகழ்பெற்ற பானம். அதற்கு முன் எங்கள் அலைவரிசைக்குச் சந்தாதாரர் ஆகிவிடுங்கள்."

15 விநாடி போய்விட்டது. இதில் பார்வையாளருக்கு ஏற்கெனவே தெரியாதது ஒன்றாவது இருக்கிறதா? இன்னும் எதையும் தராதவர்களுக்கு அவர் ஏன் சந்தா செலுத்த வேண்டும்? இப்போது இதைப் பாருங்கள். திரையில் இரண்டு கண்ணாடிக் குவளைகள்.

"இரண்டையும் ஒரே ஆள், ஒரே உயரத்திலிருந்து, பத்து முறை இழுத்து ஆற்றினார். இது தே தாரேக். இது பால் இல்லாத தே ஓ. இரண்டிலும் காற்று கலந்தது. ஒரு நிமிடம் கழித்து எதில் நுரை மிஞ்சும்? ஏன்?"

இதுவும் 15 விநாடிதான். தெரிந்த பொருள், தெரியாத முடிவு. மாமாக் கடைக்குப் போன எவருக்கும் பாதி தெரியும், மீதிக்காக இருப்பார். காற்று கலப்பதால் மட்டும் நுரை நிலைப்பதில்லை, பாலிலுள்ள புரதங்கள் குமிழ்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு அவை உடையாமல் காக்கின்றன என்ற அறிவியலை அதன் பின் நிதானமாகச் சொல்லலாம். உங்கள் பெயரும் வகுப்பும் கடைசியில் வரட்டும். யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள்.

ஆவல் பார்வையாளரைப் பிடித்து வைப்பதோடு நிற்பதில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மத்தியாஸ் குரூபர் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பொது அறிவுக் கேள்விகளைக் காட்டி, விடை வருமுன் ஒரு மனித முகத்தின் படத்தையும் காட்டினார்கள். விடையை அறிய மிகுந்த ஆவலோடு காத்திருந்தவர்கள் விடையை மட்டுமல்ல, கேள்விக்குத் தொடர்பே இல்லாத அந்த முகங்களையும் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள்.

தெளிவாக இருந்தும் புரியாதது

இதில் எனக்கு மிகவும் பிடித்தது டெரக் முல்லரின் ஆய்வு. வெரிடாசியம் அலைவரிசையைத் தொடங்கியவர்தான். அலைவரிசை தொடங்குமுன், 2008-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் பெற்றது இயற்பியல் கற்பிக்கும் காணொளிகளைப் பற்றித்தான்.

கேள்வி இது. மேல்நோக்கி எறிந்த பந்து கையை விட்டு நீங்கிவிட்டது, இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கிறது. அப்போது அதன் மீது எந்தத் திசையில் விசை செயல்படுகிறது? மேல்நோக்கி ஒரு விசை இருப்பதாகவே பலர் நினைக்கிறார்கள். காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், செயல்படுவது கீழ்நோக்கிய புவியீர்ப்பு விசை மட்டுமே.

முல்லர் இதை இரு வகையாகக் காணொளியாக்கினார். ஒன்றில் சரியான விளக்கம் மட்டும், தெளிவாக, படங்களோடு. மற்றொன்றில் இருவர் உரையாடுகிறார்கள். ஒருவர் மாணவர்களிடம் பரவலாக உள்ள தவறான கருத்தைச் சொல்கிறார், பிறகு அது ஏன் பொருந்தாது என்று பேசித் தெளிகிறார்கள். முதல் காணொளி தெளிவாக, எளிதாக இருந்தது என்றார்கள் மாணவர்கள். ஆனால் பிறகு வைத்த தேர்வில் அவர்களிடம் முன்னேற்றம் இல்லாத குறைதான். இரண்டாவதைக் குழப்பமாக இருந்தது என்றவர்களே கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். விளக்கம் மிகத் தெளிவாக இருந்தபோது, "இது எனக்குத் தெரிந்ததுதானே" என்று மூளை சாய்ந்து உட்கார்ந்துவிட்டது.

ஆகவே அறிவியல் காணொளி எடுப்பவர்களுக்கு என் பரிந்துரை: உங்கள் தலைப்பில் நண்பர்கள் தவறாக நம்புவது எது என்று முதலில் நான்கு பேரிடம் கேளுங்கள். காணொளியை அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒலியைப் பற்றி ஒரு சொல்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் மாட்டார்கள். நியூமன், ஷ்வார்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 2018-இல் ஒரே அறிவியல் உரையை நல்ல ஒலியிலும் மோசமான ஒலியிலும் ஆட்களுக்குக் கேட்கக் கொடுத்தார்கள். மோசமான ஒலியில் கேட்டவர்கள் அந்த ஆய்வையே தரம் குறைவாக மதிப்பிட்டார்கள். உரையில் ஒரு சொல்லும் மாறவில்லை.

இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒலிச்செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். 2 மீட்டர் தூரத்தில் இருந்த ஒலிவாங்கியை அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் தூரம் நான்கில் ஒன்றாகிறது. வாயிலிருந்து நேரே வரும் ஒலியின் செறிவு 16 மடங்கு, அதாவது 12 டெசிபெல் கூடுகிறது. மின்விசிறியின் சத்தம் மட்டும் கூடாது. இரண்டாவது திறன்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக் குரலைத் தனியாகப் பதிவு செய்தாலே போதும். பல செயலிகளில் காணொளிகள் ஒலியின்றி ஓடத் தொடங்குகின்றன. அதனால் முதல் கேள்வியைத் திரையில் எழுத்தாகவும் போடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாயைப் பிளந்த முகம், சிவப்பு அம்புக்குறி, "கடைசியில் நடந்ததைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள்" என்ற வாசகம், இவையும் தகவல் இடைவெளியைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் உள்ளே விடை இருக்காது, அல்லது அற்பமாக இருக்கும். உங்கள் விரல் ஒரு காணொளியில் நின்றுவிட்டால், "இதில் எந்தக் கேள்விக்காக நான் காத்திருக்கிறேன்?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். சில நேரம் பதிலே இருக்காது. நீங்கள் எடுக்கும் காணொளியில், தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு உள்ளே சரியான விடை இருக்கிறதா என்பதை ஆசிரியரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

பதிவேற்றுமுன் ஒரு சிறு சோதனை. திட்டத்தைப் பற்றி ஒன்றும் அறியாத வகுப்பு நண்பர் ஒருவருக்கு முதல் 30 விநாடியை மட்டும் போட்டுக் காட்டி நிறுத்திவிடுங்கள். அடுத்து என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதில் உங்கள் காணொளியின் தலைப்போடு பொருந்தினால் பதிவேற்றலாம். "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னால், தொடக்கத்தை வெட்டிவிட்டு மீண்டும் எடுங்கள்.