கிரேன் கேபினும் மெய்நிகர் கண்ணாடியும்

எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர்கள் சுமந்துவரும் கன்டெய்னர்களைக் கப்பலில் ஏற்றுபவர் கிரேன் ஆபரேட்டர். நாட்டின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம் 1983இல் சென்னைத் துறைமுகத்தில்தான் திறக்கப்பட்டது. கப்பலோரக் கிரேனில் ஆபரேட்டரின் கேபின் பத்து மாடி உயரத்தில் இருக்கும், காலடியில் கண்ணாடி. குனிந்து பார்த்தபடியே, வடக்கம்பியில் ஆடும், கன்டெய்னரைப் பிடிக்கும் சட்டமான ஸ்ப்ரெடரை இறக்கி, அதன் பூட்டுகளைக் கன்டெய்னரின் நான்கு மூலைத் துளைகளிலும் பொருத்த வேண்டும். சுமை 30 டன் வரை இருக்கலாம். கீழே ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

இந்த வேலையை நிஜக் கிரேனில் தவறு செய்து பழக முடியாது. அதனால்தான் துறைமுக உலகம் சிமுலேட்டரை நாடியது, இப்போது வி.ஆர். எனும் மெய்நிகர் கண்ணாடியும் வந்துவிட்டது. அதன் திரை எப்படி இருக்க வேண்டும்?

அணிந்தவருக்கு ‘நான் அங்கேயே இருக்கிறேன்’ என்ற இருப்புணர்வு வர வேண்டும் என்பது முதல் தேவை. கம்மிங்ஸ், பெய்லன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 83 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தலையும் உடலும் அசைவதைக் கருவி எவ்வளவு நன்றாகப் பின்தொடர்கிறது, இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் கிடைக்கிறதா, பார்வைப் பரப்பு எவ்வளவு அகலம் ஆகியவையே அந்த உணர்வை அதிகம் கூட்டுகின்றன. படத்தின் தரத்துக்கு அவ்வளவு பங்கில்லை. தலை திரும்பியதும் காட்சியும் உடனே திரும்ப வேண்டும். தாமதம் 20 மில்லி விநாடியைத் தாண்டாமலிருப்பது நல்லது. கூடினால் தலைசுற்றலும் குமட்டலும் வரலாம்.

ஆனால், அங்கே இருப்பதாக உணர்வது வேறு, வேலையைச் சரியாகச் செய்வது வேறு. கன்டெய்னரின் மூலைத் துளை சுமார் 12 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம். 30 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் அதன் நீளம் கால் பாகைகூட இராது. பாகைக்கு 20 படப்புள்ளிகள் (பிக்சல்) காட்டும் கண்ணாடியில் அந்த நீளம் ஐந்து புள்ளிக்குள் அடங்கிவிடும். நல்ல கண்ணோ பாகைக்கு சுமார் 60 புள்ளிகளைப் பிரித்தறியும். இருப்புணர்வுக்குப் பின்வரிசையில் நின்ற படக்கூர்மை இங்கே முன்னுக்கு வந்துவிடுகிறது. மாறாக, இரு கண்களுக்கும் இடைவெளி ஆறேழு சென்டிமீட்டர்தான் என்பதால், அந்தத் தொலைவில் இரட்டைப் படத்தால் பெரிய உதவி இல்லை. நிழலும், தலையைச் சாய்க்கும்போது காட்சி நகரும் விதமும்தான் ஆழத்தைச் சொல்லும்.

துளை தெரியாத திரையில் பழகியவர் வேறு அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு வேலையை முடித்துவிடுவார். நிஜக் கேபினில் அந்த அடையாளங்கள் இருக்காது. ஆகவே பயிற்சிக் கருவி வாங்கும் முன், அனுபவமுள்ள ஆபரேட்டர் ஒருவரிடம் கொடுத்துப் பூட்டைப் பொருத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் போடும் எண்களைவிட அவர் சொல்லும் தீர்ப்பே நம்பத் தகுந்தது.