சிறிய பீர் ஆலைக்குத்தான் அறிவியல் அதிகம் தேவை

கிராஃப்ட் பீர் என்றால் கைப்பக்குவம், பெரிய ஆலையின் பீர் என்றால் ரசாயனம் என்று ஒரு பேச்சு உலகம் முழுக்க உண்டு. செம்புக் கொப்பரையையும் மரப் பீப்பாயையும் காட்டி விளம்பரங்களும் அதற்குத் தூபம் போடுகின்றன. ஆனால், அமெரிக்காவில் கிராஃப்ட் என்ற சொல்லுக்கு வரையறை வகுத்திருக்கும் ப்ரூவர்ஸ் அசோசியேஷன் என்ற தொழில் சங்கம் கைப்பக்குவத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆண்டு உற்பத்தி 60 லட்சம் பீப்பாய்க்குள், அதாவது சுமார் 70 கோடி லிட்டருக்குள் இருக்க வேண்டும். கிராஃப்ட் அல்லாத மது நிறுவனத்தின் பங்கு 25 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். அளவும் உடைமையும்தான் நிபந்தனை. கொப்பரைக்குள் நடப்பதோ இரண்டு இடத்திலும் ஒன்றேதான்: நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன, ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது. வித்தியாசம் பிழையைத் தாங்கும் சக்தியில் இருக்கிறது. பெரிய ஆலை பல தொட்டிகளின் பீரைக் கலந்து ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்துவிடும், வடிகட்டும், பாட்டிலில் அடைத்த பிறகு சுமார் 60 டிகிரி செல்சியஸில் பாஸ்டராக்கம் செய்யும். சிறிய ஆலைகளில் பலவற்றுக்கு இந்த மூன்றும் கிடையாது. ஒரு முறை காய்ச்சி இறக்கும் ஈடு அப்படியே கோப்பைக்குப் போகிறது. ஆகவே, அளவெடுப்பும் கட்டுப்பாடும் அதிகம் தேவைப்படுவது சிறிய ஆலைக்குத்தான். அங்கே புழங்கும் தொழில் சொற்களை வரிசையாகப் பார்த்தாலே இது புரியும். அநேகமாக ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு பிழை, அதைத் தவிர்க்க ஓர் அளவு.

வெந்நீரில் தொடங்கும் கணக்கு

முதல் சொல் மால்ட். பார்லியை ஊறவைத்து, சில நாள் முளைக்கவிட்டு, சூடான காற்றில் உலர்த்தினால் மால்ட். முளைக்கும்போது தானியம் தன் மாவுச்சத்தைக் கரைப்பதற்கான நொதிகளைத் தயார் செய்துகொள்கிறது. உலர்த்துவது முளையை நிறுத்தி, நொதிகளைச் சேதமில்லாமல் வைத்திருக்கிறது. இதை உடைத்து வெந்நீரில் கலந்து சுமார் ஒரு மணி நேரம் வைப்பதுதான் மேஷ். பீரின் உடல்வாகு இங்கேதான் முடிவாகிறது. பீட்டா அமைலேஸ் என்ற நொதி 62 முதல் 65 டிகிரி வரை சுறுசுறுப்பாக வேலை செய்து, ஈஸ்ட் தின்னக்கூடிய மால்ட்டோஸ் சர்க்கரையைத் தரும். ஆல்பா அமைலேஸுக்கு 70 டிகிரியை ஒட்டிய சூடு பிடிக்கும். அது மாவுச்சத்துச் சங்கிலியை நடுநடுவே வெட்டி, ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின்களையும் விட்டுவைக்கும். 64 டிகிரியில் மேஷ் செய்தால் பீர் லேசாக, இனிப்பில்லாமல் வரும். 69 டிகிரியில் செய்தால் அதே மால்ட்டிலிருந்து கனமான பீர் வரும். ஐந்து டிகிரி வித்தியாசத்தை விரலால் தொட்டுச் சொல்ல முடியாது, தெர்மாமீட்டர் சொல்லும். மாவுச்சத்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வெள்ளைப் பீங்கானில் சில துளி மேஷ் திரவத்தை விட்டு அயோடினைச் சொட்டுகிறார்கள். கருநீலமானால் வேலை பாக்கி, அயோடினின் பழுப்பு மாறாமல் இருந்தால் வேலை முடிந்தது.

தண்ணீரும் இந்தக் கணக்கில் சேர்த்தி. மேஷின் பி.எச். 5.2-க்கும் 5.6-க்கும் இடையில் இருந்தால்தான் நொதிகள் நன்றாக வேலை செய்யும். பில்சன் நகரத்தின் மென்னீர் வெளிர் நிற லாகருக்கு ஒத்துவந்ததும், டப்ளினின் காரத்தன்மை கொண்ட நீரை வறுத்த கரிய மால்ட்டின் அமிலம் சரிசெய்ததும் தற்செயலாக அமைந்த பொருத்தங்கள். அந்தந்த ஊர்க்காரர்கள் காரணம் தெரியாமலே சரியான பீரைக் காய்ச்சினார்கள். ஆனால், இன்று ஒரு சிறிய ஆலை ஒரே குழாய்த் தண்ணீரில் வெளிர் நிறப் பில்ஸ்னரும் கரிய ஸ்டவுட்டும் காய்ச்ச வேண்டும். ஊருக்கு ஒரு பீர் என்ற பழைய ஏற்பாடு அதற்கு உதவாது. தண்ணீரின் கால்சியத்தையும் சல்ஃபேட்டையும் பார்த்து, உப்பையோ அமிலத்தையோ சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

மேஷிலிருந்து வடித்தெடுக்கும் இனிப்பு நீர்தான் வோர்ட். மால்ட்டை மாவாக அரைக்காமல் உமி கிழியாதபடி உடைப்பது இதற்காகத்தான். அடியில் படியும் உமிப் படுகையே வடிகட்டி. மிச்சச் சர்க்கரையை அலச மேலே வெந்நீர் தெளிப்பது ஸ்பார்ஜிங். அந்த நீர் 78 டிகிரிக்கு மேல் போனாலோ, அலசல் நீண்டு பி.எச். ஏறினாலோ உமியின் துவர்ப்பு இறங்கிவிடும். பிறகு வோர்ட்டைக் கொப்பரையில் 60 முதல் 90 நிமிடம் கொதிக்க வைக்கிறார்கள். ஹாப்ஸ் பூவின் ஆல்பா அமிலங்கள் அந்தக் கொதிப்பில்தான் கரையக்கூடிய கசப்பாக உருமாறுகின்றன. அதன் மணத்துக்குக் காரணமான எண்ணெய்களோ அதே கொதிப்பில் ஆவியாகிவிடும். எனவே கசப்புக்கு ஆரம்பத்தில் ஒரு பங்கு, மணத்துக்குக் கடைசியில் ஒரு பங்கு. ஐ.பி.யு. என்ற கசப்பு எண், லிட்டருக்கு ஏறத்தாழ எத்தனை மில்லிகிராம் உருமாறிய அமிலம் இருக்கிறது என்பதைக் குறிப்பது. கொப்பரையை மூடாமல் வைப்பதற்கும் காரணம் உண்டு. மால்ட்டிலிருந்து உருவாகும் டைமெத்தில் சல்ஃபைடு ஆவியோடு வெளியேற வேண்டும். மூடினால் அது திரும்ப உள்ளே விழுந்து, பீரில் வேகவைத்த மக்காச்சோள வாடை வரும்.

கொதித்த வோர்ட்டில் திரண்ட புரதமும் ஹாப்ஸ் தூளும் மிதக்கும். வேர்ல்பூல் என்ற தொட்டியில் அதைச் சுழல விட்டால் மண்டி முழுவதும் ஓரத்துக்குப் போகாமல் நடுவில் குவிகிறது. கலக்கிய தேநீர்க் கோப்பையில் தேயிலை நடுவில் சேர்வது ஏன் என்று 1926-ல் ஐன்ஸ்டைன் தந்த விளக்கம் இதற்கும் பொருந்தும்: அடித்தளத்தின் உராய்வால் கீழே சுழற்சி மெதுவாகிறது, அங்கே உள்நோக்கிய ஓட்டம் உண்டாகி மண்டியை நடுவுக்கு இழுத்துவருகிறது. ஓரத்துக் குழாயைத் திறந்தால் தெளிந்த வோர்ட் வெப்பப் பரிமாற்றி வழியே குளிர்ந்து நொதித் தொட்டிக்குப் போய்விடும்.

ஈஸ்ட் கையில் வந்த பிறகு

இதுவரை நடந்ததில் ஆல்கஹால் ஒரு துளிகூட இல்லை. இனி வேலை ஈஸ்ட்டினுடையது. ஏல் வகைக்கு 18 முதல் 20 டிகிரியில், லாகர் வகைக்கு 8 முதல் 12 டிகிரியில் ஈஸ்ட்டை விடுகிறார்கள். ஏல் ஈஸ்ட்டுக்கு வழக்கமான அளவு, வோர்ட்டின் சர்க்கரையை அளக்கும் பிளேட்டோ அளவில் ஒவ்வொரு டிகிரிக்கும் மில்லிலிட்டருக்கு சுமார் 10 லட்சம் உயிரணுக்கள். குறைந்தால் ஈஸ்ட் திணறி வேண்டாத வாடைகளைத் தரும். நுண்ணோக்கியும் எண்ணும் கட்டம் வரைந்த கண்ணாடித் தகடும் சிறிய ஆலையில்கூட இருப்பதற்கு இதுவே காரணம். நொதித்தல் நகர்வதை ஹைட்ரோமீட்டர் காட்டும். தண்ணீரின் அடர்த்தி 1.000 என்றால், சர்க்கரை நிறைந்த வோர்ட் 1.048 காட்டலாம், இது ஓ.ஜி., தொடக்க அடர்த்தி. சர்க்கரை தீர்ந்ததும் 1.010-ல் வந்து நிற்கும், இது எஃப்.ஜி., இறுதி அடர்த்தி. இரண்டின் வித்தியாசமான 0.038-ஐ 131.25-ஆல் பெருக்கினால் சுமார் 5. பாட்டிலில் ஏ.பி.வி., அதாவது கன அளவில் ஆல்கஹால், 5 சதவீதம் என்று அச்சாவது இப்படித்தான். 1.010-ல் நிற்க வேண்டியது 1.018-ல் நின்றுவிட்டால் மேஷ் சூடு ஏறியதா, ஈஸ்ட் களைத்ததா என்று பின்னோக்கித் தேடலாம். எண் இல்லையென்றால் தேடவே முடியாது.

இந்த ஒழுங்கின் விலையை அறிந்தவர் கென் கிராஸ்மன். 1980-ல் கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரத்தில், பழைய பால்பண்ணைத் தொட்டிகளை மாற்றியமைத்து சியரா நெவாடா ஆலையைத் தொடங்கினார். 1972-ல் வெளிவந்த காஸ்கேட் என்ற அமெரிக்க ஹாப்ஸின் எலுமிச்சை மணம்தான் அவருடைய பேல் ஏலின் முகவரி. ஆனாலும், ஒன்றுபோல் வரவில்லை என்பதற்காக ஆரம்ப ஈடுகள் பலவற்றை அவர் கொட்டிவிட்டார். நல்ல பீர் ஒருமுறை அமைவது அதிர்ஷ்டமாக இருக்கலாம். அதே பீர் மறுபடி வருவதைத்தான் அவர் தொழில் என்று எடுத்துக்கொண்டார்.

பிழை எப்போதும் கண்ணுக்குத் தெரியாது என்பதற்கு டைஅசிட்டைல் நல்ல உதாரணம். வெண்ணெய் வாடை தரும் இந்தப் பொருளின் மூலப்பொருள் நொதிக்கும்போது ஈஸ்ட்டிலிருந்து கசிகிறது. அதற்கு வாடை இல்லை. நாள்பட்ட பிறகே டைஅசிட்டைலாக மாறும். தொட்டியில் முகர்ந்தால் சுத்தமாக இருக்கும் பீர் கடைக்குப் போன பிறகு நாறும். அதனால் ஆலையில் ஒரு சோதனை செய்கிறார்கள். ஒரே தொட்டியிலிருந்து இரண்டு ஜாடியில் மாதிரி எடுத்து மூடி, ஒன்றை 60 டிகிரி வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து ஆற்றுகிறார்கள். சூடு, பின்னால் நடக்கவிருப்பதை இப்போதே நடத்திவிடும். இரண்டையும் திறந்து முகர்ந்து, சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வாடை வந்தால் பீரை இறக்கக் கூடாது. ஈஸ்ட் அந்தப் பொருளைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வரை, லாகரானால் இரண்டொரு நாள் சூட்டைச் சற்று ஏற்றிவைத்து, காத்திருக்க வேண்டும். இங்கே கருவி மூக்குதான். ஆனால், எந்தக் கேள்வியை எப்போது கேட்க வேண்டும் என்று மூக்குக்குச் சொல்வது வேதியியல்.

கிராஃப்ட் ஆலைகள் விரும்பிச் செய்யும் டிரை ஹாப்பிங்கிலும் ஆபத்து உண்டு. நொதித்தல் முடிந்த குளிர்ந்த பீரில் மணத்துக்காக ஹாப்ஸை அள்ளிப் போடுவது இந்த முறை. ஹாப்ஸிலும் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் உண்டு. ஈஸ்ட் தின்னாமல் விட்ட டெக்ஸ்ட்ரினை அவை சர்க்கரையாக்க, அடங்கிய ஈஸ்ட் மறுபடி கிளம்பும். ஆல்கஹால் லேபிளைத் தாண்டும், டைஅசிட்டைல் திரும்பும், கேனுக்குள் அழுத்தம் ஏறும். ஹாப்ஸின் இந்தக் குணத்தை ஹொரஸ் பிரவுனும் மோரிஸும் இங்கிலாந்தில் 1893-லேயே எழுதிவிட்டார்கள். பாஸ்டராக்கம் செய்த பீரில் ஈஸ்ட்டும் நொதியும் செத்துப்போவதால் இது பெரிய தலைவலி இல்லை. வடிகட்டாமல் உயிரோடு விற்பவர்களுக்குத்தான் அந்தப் பழைய கட்டுரை மறுபடி தேவைப்பட்டது.

மறுப்புகளுக்குப் பதில்

ஈஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதர்கள் பீர் காய்ச்சவில்லையா என்று கேட்கலாம். காய்ச்சினார்கள், 1516-ஆம் ஆண்டின் பவேரியத் தூய்மைச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் என்று மூன்றை மட்டுமே சொல்கிறது. ஆனால், அதே பவேரியா 1553-ல் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை காய்ச்சவே தடை விதித்தது. கோடையில் பீர் கெட்டது. தெரியாததைக் கட்டுப்படுத்த அவர்களிடம் இருந்த ஒரே கருவி நாட்காட்டி. அதையும் மீறிக் கெட்டபோது காரணம் சொல்ல ஆளில்லை. 1883-ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒற்றை உயிரணுவிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டிய பிறகுதான், ஊடுருவிய காட்டு ஈஸ்ட் பீரைக் கெடுக்கிறது என்பது நிரூபணமாகி, பரிகாரமும் கிடைத்தது.

இந்த அறிவியலை உண்டாக்கியதே பெரிய ஆலைகள்தானே என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். பி.எச். அளவுகோலை 1909-ல் சோரன்சன் வகுத்தது கார்ல்ஸ்பெர்க்கில். குறைந்த மாதிரிகளை வைத்து எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்ற கணக்கை ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908-ல் வெளியிட்ட வில்லியம் கோசெட் கின்னஸ் ஊழியர். ஆனால், கருவியை உருவாக்கியவர் ஒருவர், அது இல்லாமல் பிழைக்க முடியாதவர் இன்னொருவர். மாதத்தில் சில ஈடுகளே காய்ச்சுபவர் ஒரே சமயத்தில் ஹாப்ஸையும் ஈஸ்ட்டையும் மாற்றினால், சுவை மாறியது எதனாலென்று ஒருநாளும் தெரியாது. கோசெட்டின் கேள்வி அவருக்குத்தான் அன்றாடப் பிரச்சினை.

பெல்ஜியத்தின் லாம்பிக் பீரைக் காட்டி மடக்குவோரும் உண்டு. பிரஸ்ஸல்ஸின் கான்டியோன் போன்ற ஆலைகள் ஈஸ்ட்டைச் சேர்ப்பதே இல்லை. அகலமான திறந்த தொட்டியில் வோர்ட்டை இரவு முழுக்க ஆறவிட்டு, காற்றிலும் பீப்பாயிலும் இருக்கும் நுண்ணுயிர்களே நொதிக்கட்டும் என்று விடுகின்றன. கட்டுப்பாடே இல்லாத வேலை போலத் தோன்றும். ஆனால், காய்ச்சுவது குளிர் மாதங்களில் மட்டும். வேண்டாத பாக்டீரியாவை அடக்க, மணம் போன பழைய ஹாப்ஸ் நிறையச் சேர்ப்பார்கள். ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டுப் பீப்பாய்களைச் சுவைத்துக் கலந்து குவஸ் என்ற பீரைத் தயாரிப்பார்கள். பெரிய ஆலை கலந்து சமன் செய்வதைப் போலத்தான் இதுவும். ஒரே ஒரு காரணியைத் தளர்த்த, மற்ற எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

எண்ணால் சுவையைச் சொல்ல முடியுமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. 40 ஐ.பி.யு. கசப்பு வெளிர் ஏலில் முன்னே தெரியும், மால்ட் கனத்த ஸ்டவுட்டில் அடங்கிவிடும். எண்ணின் வேலை சுவைக்குத் தீர்ப்பு சொல்வதல்ல. நாக்கு சொன்ன தீர்ப்புக்குக் காரணம் எங்கே என்று காட்டுவது. கைப்பக்குவம் என்பதாலேயே இந்தப் பானம் தீங்கில்லாதது என்று நினைப்பதற்கும் இடமில்லை. எத்தனால் எந்த ஆலையில் உருவானாலும் எத்தனால்தான். மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே சேர்த்துவிட்டது.

ஆகவே, கைவினையா அறிவியலா என்று எதிரெதிராக நிறுத்துவது பொருந்தாது. எத்தனை டிகிரியில் மேஷ், எப்போது ஹாப்ஸ், எந்த ஈஸ்ட், என்றைக்கு இறக்குவது என்ற முடிவுகளில் இருக்கிறது கைவினை. அந்த முடிவு அடுத்த ஈட்டிலும் அதே பலனைத் தர வேண்டுமானால் அளந்தாக வேண்டும். அளக்காதவருக்குக் கிடைப்பது சுதந்திரம் அல்ல, ஒவ்வொரு முறையும் வேறொரு பீர்.