ஒற்றை நாற்று நடவும் வேளாண் தொழில்நுட்ப ஏற்பும்

முன்னுரை

புதிய தொழில்நுட்பத்தை உழவர் ஏற்றார் அல்லது மறுத்தார் என இரண்டாகப் பகுத்துக் காண்பது விரிவாக்க ஆய்வுகளில் வழக்கமாக உள்ளது. அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவிய முறையை ரையன், கிராஸ் ஆகியோர் 1943இல் ஆராய்ந்து வெளியிட்டனர். எவரெட் ரோஜர்ஸ் 1962இல் புதுமைப் பரவல் கோட்பாட்டை நூலாக்கினார். இம்மரபில் தனி உழவரின் முடிவே முதன்மை பெறுகிறது. விதை போன்ற தனிப்பொருளுக்கு இப்பார்வை பொருந்தும். பல செயல்களின் தொகுப்பாக அமையும் தொழில்நுட்பத்திற்கு அது போதாது என்பதை ஒற்றை நாற்று நடவின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

முறையின் கூறுகள்

மடகாஸ்கரில் 1980களில் பிரெஞ்சுப் பாதிரியார் ஆன்றி டி லொலானியே உருவாக்கிய இம்முறை, தமிழ்நாட்டில் ‘திருந்திய நெல் சாகுபடி’ எனப் பெயர் பெற்றது. இதன்படி ஏக்கருக்கு ஏறத்தாழ 3 கிலோ விதை போதுமானது; வழக்கமான நடவுக்கு 20 கிலோவுக்கு மேல் தேவைப்படும். சுமார் 14 நாள் வயதுடைய நாற்று, குத்துக்கு ஒன்றாக, 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நடப்படுகிறது. உருளும் களைக்கருவி களையை மண்ணிலேயே அமுக்குகிறது. கதிர் உருவாகும் பருவம் வரை, மண்ணில் மயிரிழை வெடிப்புத் தோன்றிய பின்னரே நீர் பாய்ச்சப்படுகிறது.

நீரும் ஆளும்

இவற்றுள் விதையைக் குறைப்பது உழவரின் கையில் உள்ளது. நீரைக் காயவிட்டுப் பாய்ச்சுவது அவ்வாறன்று. கிணற்றுப் பாசனத்தில் மோட்டாரை நிறுத்தினால் வயல் காயும். காவிரிப் படுகையின் வாய்க்கால் பாசனத்தில் மேல்வயலின் நீர் கீழ்வயலுக்கு வழிகிறது. ஒருவர் மட்டும் தம் வயலைக் காயவிடல் அரிது. சம்பாப் பருவத்தில் வடகிழக்குப் பருவமழை தேங்கினால் இளநாற்று அழுகும் அச்சமும் உண்டு. அடுத்த முறைத் தண்ணீர் உரிய நாளில் வரும் என்ற உறுதி இல்லாதவர், வந்த நீரைத் தேக்கி வைப்பது இயல்பே.

நடவும் கைக்களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களின் கூலி வேலைகள். கயிறு பிடித்து ஒவ்வொரு நாற்றாக நடுவதற்குத் தொடக்கத்தில் கூடுதல் நேரம் ஆகும். குத்தகையாக நடவு செய்யும் குழு, பழைய கூலிக்கு இதனை ஏற்பதில்லை. களைக்கருவியைப் பெரும்பாலும் ஆண்களே இயக்குவதால் பெண்களின் வேலைநாள்களும் குறைகின்றன. எனவே, நிலவுடையவர் விரும்பினும், நடுபவர் இசைந்தாலன்றி முறை வயலுக்கு வருவதில்லை.

முடிவுரை

உழவர் சில கூறுகளை எடுத்துக்கொண்டு சிலவற்றை விடுவதை அறியாமையாகவோ அரைகுறை ஏற்பாகவோ கருதுவது பொருந்தாது. தம் நீர்நிலை, ஆள்வசதி ஆகியவற்றுக்கு ஏற்ப அவர் செய்யும் தேர்வே அது. ஏற்பினைப் பரப்பளவால் மட்டும் அளந்தால் இத்தேர்வு மறைந்துவிடும். ஆதலால் கூறுவாரியாகப் பதிவு செய்வதும், உழவரோடு நடவாளர், நீர்ப் பங்காளர் ஆகியோரையும் வினவுவதும் இத்துறை ஆய்வுகளுக்கு இன்றியமையாதவை.