61 கட்டையில் ஆர்கன்: பாமாலைக்கு எங்கே வெட்டுவது?

தூத்துக்குடி பக்கத்து சி.எஸ்.ஐ. ஆலயங்களில் கீர்த்தனையும் உண்டு, பாமாலையும் உண்டு. கீர்த்தனைக்கு ஆர்மோனியமும் தபேலாவும் போதும். பாமாலை அப்படியில்லை. மேல்நாட்டு மெட்டு, சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று நாலு குரல். அந்த பாஸ், கால் பெடலிலிருந்து வருகிற மாதிரி தரையில் அதிரணும். ஆனா நம்ம கையில் பெரும்பாலும் இருப்பது 61 கட்டை கீபோர்டு ஒன்றுதான்.

அதை லேப்டாப்பில் கிராண்ட்ஆர்கனோடு இணைக்கலாம். இலவச மென்பொருள், நிஜ ஆர்கனின் குழாய்களைத் தனித்தனியாகப் பதிவு செய்த ஒலிகளை வைத்து வாசிக்கும். கட்டையை அழுத்தினால் மிடி மூன்று தகவல் அனுப்புகிறது: சேனல் (1 முதல் 16), கட்டை எண் (0 முதல் 127), அழுத்திய வேகம். ஆர்கனுக்கு வேகம் பொதுவாகத் தேவையில்லை. 61 கட்டை என்றால் வழக்கமாக 36 முதல் 96 வரை. நடு ஸி 60.

கீபோர்டிலேயே ஸ்ப்ளிட் வைத்து இடப்பக்கத்தை சேனல் 2-க்கு அனுப்பலாம். இல்லாவிட்டால் எல்லாம் ஒரே சேனலில் வரட்டும் என்று விட்டு, மென்பொருளில் பிரிக்கலாம். ரெண்டையும் சேர்த்துச் செய்தால் குழப்பம்தான். நான் ரெண்டாவதையே சொல்வேன். நாளைக்கு வேறு கீபோர்டு வந்தாலும் அமைப்பு லேப்டாப்பில் இருக்கும். திரையில் பெடல் மீது ரைட் கிளிக் செய்து, மிடி அமைப்பில் சேனலையும், கீழ் எல்லை, மேல் எல்லைக் கட்டைகளையும் கொடுக்கணும். மேனுவலுக்கும் அதே மாதிரி.

எல்லை எது? பலரும் 60-இல் வெட்டுவார்கள். பாமாலைக்கு அது ஒத்துவராது. டெனர் குரல் 48 வரைக்கும் இறங்கும். 60-இல் வெட்டினால் டெனரும் பெடலில் விழுந்து, பாஸ் கலங்கிப்போகும். அதனால் பெடலுக்கு 36–47, மேனுவலுக்கு 48–96. இடக்கைக்கு ஒரே ஒரு ஆக்டேவ்தான் மிச்சம். 47-க்கு மேலே போகிற பாஸ் சுரத்தை ஒரு ஆக்டேவ் கீழே வாசிக்கணும். ஏற்கெனவே கீழே இறக்கி வாசிப்பதால், பெடலில் முதலில் 8 அடி ஸ்டாப் மட்டும் இழுங்க. 16 அடியைப் பிறகு மெதுவாகச் சேர்க்கலாம். மற்ற மூன்று குரலும் வலக்கைக்கு. விரல் எட்டாத இடத்தில் டெனரை விடுவதில் தப்பில்லை, பாட ஆள் இருக்காங்களே.

எல்லையை எண்ணாகவே பாருங்க. யமஹா நடு ஸி-யை ஸி3 என்கிறது, வேறு சில நிறுவனங்கள் ஸி4 என்கின்றன. பெயரை நம்பினால் ஒரு ஆக்டேவ் தள்ளிப்போகும்.

ஸ்ப்ளிட்டே வேண்டாம் என்றால் பாஸ் கப்ளர் இருக்கு. அழுத்திய கட்டைகளில் மிகக் கீழுள்ளது மட்டும் பெடலுக்குப் போகும். நாலு குரலையும் வழக்கம்போல ரெண்டு கையாலும் வாசிக்கலாம். ஒரே சிக்கல், இடக்கையைச் சீக்கிரம் எடுத்தால் வலக்கையின் கீழ்க்கட்டை பாஸாக மாறி, பெடல் திடீரென மேலே தாவும். ஒவ்வொரு அடியின் முடிவிலும் இடக்கையைக் கடைசியாக எடுக்கணும்.