ஏர்கோன் குளிரவில்லையா? கேஸ் நிரப்புமுன் கொஞ்சம் பொறுங்கள்

கார் பராமரிப்பைப் பற்றி நமது தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் பேசியபோது நேயர்கள் அதிகம் கேட்டது இதுதான்: "ஏர்கோன் குளிரவில்லை, கேஸ் நிரப்ப எவ்வளவு ஆகும்?" பட்டறைக்குப் போனால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, "இருந்த கேஸ் எங்கே போனது?" என்று கேளுங்கள்.

பெட்ரோல் எரிந்து தீரும். ஏர்கோன் கேஸ் அப்படியல்ல. மூடிய குழாய்களுக்குள் ஓயாமல் சுற்றிவரும். ரப்பர் குழாய் வழியாக ஆண்டுக்கணக்கில் துளித்துளியாகக் குறைவது இயல்பு. மூன்று மாதத்திற்கு ஒரு முறை நிரப்ப வேண்டியிருந்தால், எங்கோ கசிகிறது என்று பொருள்.

அதற்கு முன், கோளாறு கேஸில்தானா என்று பாருங்கள். காற்றே வரவில்லையா? பியூஸ் அல்லது புளோவர் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். கடைசி வேகத்தில் மட்டும் காற்று வந்தால் பெரும்பாலும் புளோவர் ரெசிஸ்டர்தான், சின்னச் சாமான். காற்று மெதுவாக வந்தால் பில்டரில் தூசி அடைத்திருக்கலாம்.

காற்று நன்றாக வந்தும் குளிரவில்லையா? இன்ஜினை ஓடவிட்டு, ஏர்கோன் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு, போனெட்டைத் திறந்து கவனியுங்கள். கம்ப்ரசரில் 'டக்' என்ற ஓசை கேட்டு, அதன் முன்தட்டு சுழல வேண்டும். (சில புதிய கார்களில் இந்த ஓசை வராது.) சுழலாவிட்டால் பியூஸ், ரிலே கெட்டிருக்கலாம், கேஸ் மிகவும் குறைந்து பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தியிருக்கவும் கூடும். காற்றாடி திடீரென்று சுழலும்; துப்பட்டா, சேலைத் தலைப்பு, கை, எதுவும் அருகில் போகக்கூடாது.

நம் கிள்ளான் பள்ளத்தாக்குக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. கூட்டரசு நெடுஞ்சாலையில் வண்டி ஓடும்போது சில்லென்று இருக்கும். பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தன் நெரிசலில் நின்றதும் வெக்கை வரும். இதற்குக் கேஸ் நிரப்பச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். ஓடும்போது எதிர்காற்று கண்டென்சரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது காற்றாடிதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். முதலில் அது சுழல்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கசிவுதான் என்றால், மேலும் மேலும் நிரப்புவது பெருஞ்செலவில் கொண்டுபோய் விடும். கம்ப்ரசருக்கு உயவூட்டும் எண்ணெய் கேஸோடு சேர்ந்தே சுற்றுகிறது. கசிவில் அதுவும் வெளியேறும். எண்ணெய் வற்றினால் கம்ப்ரசர் தேய்ந்து இறுகும். உலோகத்தூள் குழாயெங்கும் பரவும். சிறிய ரப்பர் வளையத்தோடு முடிய வேண்டிய வேலை, முழு ஏர்கோனையும் மாற்றுவதில் போய் நிற்கும்.

பழுதுபார்த்தபின் வேக்குவம் பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஈரம் தங்கினால் உள்ளே உறைந்து வழியை அடைக்கும். ஐந்து நிமிடத்தில் முடித்துக் கொடுக்கும் பட்டறையை நான் நம்பமாட்டேன். கேஸின் அளவும் காரில் ஒட்டியுள்ள தாளில் கிராம் கணக்கில் இருக்கும். கூடினாலும் குளிர் குறையும்.

மலிவான கேஸிலும் கவனம் தேவை. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மொன்ட்ரியல் உடன்படிக்கையால் பழைய ஆர்-12 கேஸ் ஒழிந்து, ஆர்-134ஏ வந்தது. பின்னர் அதன் பெயரிலேயே போலிகளும் வந்தன. 2011இல் வியட்நாம் உட்பட சில துறைமுகங்களில் குளிரூட்டும் கொள்கலன்கள் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். மெத்தில் குளோரைடு கலந்த போலிக் கேஸ் அலுமினியத்தோடு வினைபுரிந்ததே காரணம். நம் கார் ஏர்கோனிலும் அலுமினியப் பாகங்கள்தான் நிறைய. ஆகவே சிலிண்டரைப் பார்த்துவிட்டே நிரப்பச் சொல்லுங்கள்.

காருக்கடியில் சொட்டும் தண்ணீரைக் கண்டு பயப்பட வேண்டாம், அது இயல்பு. கால்மிதியில் ஈரம் இருந்தால் வடிகுழாய் அடைத்திருக்கலாம். கூலிங் காயில் கசிகிறது என்று சொன்னால் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டிவரலாம், கூலி கூடும். அப்போது பழைய காயிலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கசிந்த இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்க் கறை படிந்திருக்கும்.